பனிக்காலப் பயிற்சியும் மனச்சான்றும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பேராசிரியர் என்னைப் பணித்தபொழுது, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பழந்தமிழர் வாணிகத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் எழுதத் தக்கதும் அதுவே. ஆயின், சென்ற பனிக்காலத்தில் நூறு நாள் என்னை ஆட்டிவைத்த பொருள் வேறொன்று உண்டு. அதனை விடுத்துப் பிறிதொன்றை எழுத என் கை கூசுகின்றது. இக்கட்டுரை நான் ஓடிய ஓட்டங்களைப் பற்றியது. ஓடாது எழுதிவைத்த ஓர் ஓட்டத்தையும் பற்றியது.

நான் அரியலூரிலிருந்து நாள்தோறும் புகைவண்டியில் திருச்சிராப்பள்ளிக்கு வந்து பயில்பவன் என்பது வகுப்புத் தோழர்கள் அறிந்ததே. என் அத்தை மகனாகிய அத்தான் பெரம்பலூரில் வசிக்கின்றார். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழி. அவ்வழியைச் சனிக்கிழமைதோறும் மிதிவண்டியில் கடந்து வந்து, எங்கள் வீட்டில் ஒரு குவளை நீர்மோர் அருந்திவிட்டு, அவ்வண்டியிலேயே திரும்பிச் செல்வது அவருடைய வழக்கம். பேருந்து இருக்க இவர் ஏன் இவ்வாறு வருந்துகின்றார் என்று என் தாயார் இரங்குவார்கள். அவர் டிரையத்லான் என்னும் முப்போட்டிக்குப் பழகுகின்றார் என்பதை அம்மாவுக்கு விளக்க எனக்குப் பல நாள் ஆயிற்று.

முப்போட்டி என்பது யாதெனின், முதலில் நீந்தி, கரையேறியவுடன் மிதிவண்டி செலுத்தி, அதனின்று இறங்கியவுடன் ஓடி, மூன்றையும் இடையறாது முடிப்பதாம். இப்பெயரால் 1974-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில் ஒரு போட்டி நடைபெற்றது. நான்காண்டுகளுக்குப் பின், 1978 பிப்ரவரியில், ஹவாய்த் தீவொன்றில் பதினைவர் கூடி, ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்துவது, 180 கிலோமீட்டர் மிதிவண்டியிற் செல்வது, 42 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓடுவது என ஒரே நாளில் மூன்றையும் முடிக்க முயன்றனர். பன்னிருவர் முடித்தனர். முதல்வராக வந்தவருக்கு 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. 'இரும்பு மனிதர்' என்னும் பொருள்பட வழங்கும் போட்டியின் தொடக்கம் இதுவே. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த ஒலிம்பிக் விழாவில் முப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அங்கு வகுத்த அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பதாம். நம் நாட்டிலும் இரும்பு மனிதர் போட்டியின் பாதியளவைக் கொண்ட போட்டி 2019-ஆம் ஆண்டு கோவாவில் முதன்முறையாக நடந்தது. அத்தகைய போட்டியொன்றில் ஒருநாள் கலந்துகொள்ள வேண்டும் என்பதே அத்தானின் பேரவா.

கடற்கரையில்லாத பெரம்பலூரில் இவர் எங்கே நீந்துவார் என்று வினவலாம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் அப்பக்கத்துப் பாசனக் கிணறுகள் நிரம்பி நிற்கும். தெரிந்தவர் ஒருவருடைய பருத்திக் காட்டுக் கிணற்றில் அவர் நீந்துவார். நாற்புறமும் கல்கட்டிய கிணற்றில் நேரே செல்ல வழியில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பவேண்டும். மார்கழி விடியலில் மேலே காற்றுக் குளிர்ந்திருக்கக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக ஆவி எழும்பி நிற்கும். "மாப்பிள்ளை, இறங்கும்வரைதான் குளிர், இறங்கிவிட்டால் ஏறத்தான் மனம் வராது" என்று அவர் என்னை அழைத்ததும், நான் கரையிலேயே அரைமணி நேரம் நின்றதும் உண்மை.

நிற்க. சென்ற டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் அத்தான் என்னிடம் ஒரு செய்தி கூறினார். பனிநாடுகளில் முப்போட்டிக்குப் பழகுவோர் குளிர்காலத்தில் சாலையில் மிதிவண்டி செலுத்த இயலாது, ஏரிகளும் உறைந்துவிடும். ஓட்டம் ஒன்றே எளிதில் எஞ்சும். அதையும் தனித்துச் செய்தால் சோர்வு மேலிடும். ஆதலின், இணையத்தின் வாயிலாக ஒன்றுகூடி, நூறு நாளில் நூறு முறை ஓடுவது என்று தம்முள் ஒரு பொருத்தம் செய்துகொள்கின்றனர். டிசம்பர் 15-ஆம் நாள் தொடங்கி மார்ச் 24-ஆம் நாள் நிறைவுறும். ஓர் ஓட்டம் 30 நிமிடத்திற்குக் குறைதல் கூடாது. விரைவு கணக்கில்லை; தொலைவும் கணக்கில்லை. ஒருநாள் தவறினால் மற்றொரு நாள் இருமுறை ஓடி நிரப்பிக்கொள்ளலாம். பதின்மர் சேர்ந்தது ஒரு குழு. குழுவின் இலக்கு ஆயிரம் ஓட்டம். அத்தான் சேர்ந்த குழுவில் கனடாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் உள்ள தமிழர் எண்மர் இருந்தனர். ஓரிடம் ஒழிந்திருந்தது. அவ்விடத்திற்கு அவர் என் பெயரைக் கொடுத்துவிட்டு, பின்னர் என்னைக் கேட்டார்.

"ஏன் இத்துணை மெல்ல ஓடவேண்டும்? விரைந்து ஓடுவதன்றோ பயிற்சி?" என்று கேட்டேன். அவர் கூறிய விளக்கம் எனக்குப் புதிது. மூச்சிரையாது, உடன் வருவோரிடம் பேசிக்கொண்டே ஓடத்தக்க வேகத்தில் நெடுநாள் பழகினால், தசைகளுக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகும். உண்ட உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் மிகும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் அதிகக் குருதியைச் செலுத்த வல்லதாகும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேறத் திங்கள் பல வேண்டும். இந்த வேறுபாட்டை உணராது விரைபவரே காலொடிந்து படுக்கின்றனர். எனவே குளிர்காலம் அடித்தளம் இடும் காலம். கோடைதான் மாடம் எழுப்பும் காலம் என்றார்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றனர். பயிற்சியின் நூறு நாளும் இவ்விரு பனிப்பொழுதுகளுள் ஏறக்குறைய அடங்கிவிடுவதைக் கண்டு, தமிழ் மாணவன் என்னும் முறையில் மகிழ்ந்து, நானும் ஒப்புக்கொண்டேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்திய நாள் தொடங்கினேன். காலை நான்கரை மணிக்கு எழுந்தால்தான் ஓடிவந்து, குளித்து, உண்டு, வண்டியைப் பிடிக்கலாம். அரியலூர்ச் சாலைகளில் அந்நேரத்திற்கும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமெண்டு ஆலைகளை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும். அவற்றின் ஒளியில் மூடுபனியும் புழுதியும் ஒன்றாகத் தோன்றும். சாலையை விட்டு ஏரிக்கரை வழியாக ஓடப் பழகினேன். முதல் வாரம் முழங்கால் நொந்தது. இரண்டாம் வாரம் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் படுத்தேன். மூன்றாம் வாரத்தில், பாடம் கேட்கும்பொழுது உறக்கம் வருவதற்குப் பதில் பசி வரத் தொடங்கிற்று. இது நன்னிலைக்கு அறிகுறி என்று அத்தான் கூறினார்.

சனிக்கிழமைகளில் அவருடன் மிதிவண்டியில் செல்வதும் உண்டு. ஒருமுறை சாத்தனூருக்குச் சென்று கல்மரத்தைக் கண்டோம். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வீழ்ந்து மணலில் புதைந்து கல்லானது என்பர். 1940-ஆம் ஆண்டு நிலநூல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். மற்றொருமுறை கரைவெட்டி ஏரிக்குச் சென்றோம். உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களாகிய ராம்சார் தலங்களுள் ஒன்றாக 2024-ஆம் ஆண்டு குறிக்கப்பெற்ற ஏரி அது. அங்கே தலையில் இரு கரும்பட்டைகளையுடைய வாத்துகள் கூட்டமாய் நீரில் அமர்ந்திருந்தன. நடு ஆசியாவின் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, பனிக்காலத்திற்கு நம் ஏரிகளை நாடி வருவன அவை. "இவற்றின் முன் நாம் என்ன பயிற்சி செய்துவிட்டோம்!" என்று அத்தான் கூறி, இறங்கி மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

இனி என் குற்றத்திற்கு வருகின்றேன்.

ஓடிய கணக்கைப் பதிவது கைப்பேசியில் உள்ள ஒரு செயலி. அது விண்ணிலுள்ள துணைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு, சென்ற வழியையும் கொண்ட நேரத்தையும் தானே வரையும். ஆயினும் அதன் கணக்கை நாமே திருத்தி எழுதவும் அதில் இடமுண்டு. ஒருநாள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. 26-ஆம் நிமிடத்தில் நிறுத்தினேன். நான்கு நிமிடந்தானே என்று முப்பதாக எழுதினேன். மறு வாரம் அவ்வாறே மற்றொரு நாள். பின்னும் ஒரு நாள். இவ்வாறு மூன்று. அப்பொழுது என் உள்ளம் பெரிதும் வருந்திற்று என்று சொல்வேனாயின் அதுவும் பொய்யாகும். சற்றும் வருந்தவில்லை.

பொங்கல் விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த ஜனவரி 19-ஆம் நாள், முப்பத்தாறாம் நாள். விடுமுறையில் உண்ட உணவின் மயக்கத்தால் நெடுநேரம் உறங்கிவிட்டேன். அம்மா பாற்செம்பைக் கையில் கொடுத்து, அடுத்த ஊர் சென்று பால் வாங்கி வருமாறு பணித்தார்கள். மிதிவண்டியில் ஏறினேன். செயலியை ஏன் தொடங்கினேன் என்பதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. எவ்வளவு தொலைவு என்று பார்ப்போமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்வர 31 நிமிடம் ஆயிற்று, எட்டரைக் கிலோமீட்டர். பதிவை முடிக்கும்பொழுது, 'இஃது ஓட்டமா, மிதிவண்டியா, நீச்சலா?' என்று செயலி வினவும். என் விரல் ஓட்டத்தின்மேல் சென்றது. அவ்வளவே. செம்பிலிருந்து ஒரு துளிப் பாலும் சிந்தவில்லை.

அரைமணி நேரத்தில் நான் ஓடக்கூடியது ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. எட்டரை என்பது சிறந்த ஓட்டக்காரர்க்கே இயலும். குழுவினர் ஐயுறுவர் என்று அஞ்சினேன், ஒருவரும் ஐயுறவில்லை. புகைவண்டி லால்குடியை நெருங்கும்பொழுது என் கைப்பேசி ஒலித்தது. கனடாவில் வின்னிபெக் நகரத்தில் வாழும் அக்காள் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தவர், பள்ளியாசிரியை, எங்கள் குழுவில் இருந்தார். அவர் நாட்டில் அப்பொழுது முந்திய நாள் இரவு. அவர் எழுதியிருந்தார்: "தம்பி, இண்டைக்கு ஓடாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். உம்மட ஓட்டத்தைப் பார்த்திட்டு வெளிக்கிட்டனான். சரியான குளிர். எண்டாலும் ஓடி முடிச்சிட்டன். நன்றி." அதனுடன் ஒரு படமும் இருந்தது. கண்ணிமையில் உறைபனி படிந்த முகம்; பின்னால் தெருவிளக்கும் வெண்பனியும். அவர் பதிவின் ஓரத்தில் அந்நேரத்து வெப்பநிலை குறிக்கப்பட்டிருந்தது: சுழிக்குக் கீழ் 24 பாகை.

நான் பால் வாங்கச் சென்றதைக் கண்டு ஒருவர் அக்குளிரில் இறங்கி ஓடியிருக்கின்றார்!

அன்றைய முதற்பாடம் திருக்குறள். வாய்மை என்னும் அதிகாரத்தைப் பரிமேலழகர் உரையுடன் நான் முன்னரே படித்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கின்றேன். அன்று ஆசிரியர் நடத்தியது வேறோர் அதிகாரம். ஆயினும் என் புத்தகத்தில் பக்கங்கள் அங்கேயே திரும்பின.

மாலை வண்டியில் என் எதிரே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அரியலூரை அடைவதற்குச் சிறிது முன் வண்டி மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கும். நாள்தோறும் இருமுறை நான் கடக்கும் பாலம் அது. ஒருநாளும் புத்தகத்தினின்று கண்ணை எடுத்ததில்லை. முதியவர் கைகுவித்துத் தலைதாழ்த்தினார். "கோயில் ஏதும் உண்டோ, ஐயா?" என்று கேட்டேன். "இல்லை தம்பி. ஐம்பத்தாறில் இங்கேதான் தூத்துக்குடி விரைவுவண்டி விழுந்தது. எனக்கு எட்டு வயது. அப்பா தோளில் தூக்கிவந்து காட்டினார்" என்றார்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலை, பெருமழையால் மருதையாறு கரைபுரண்டோடி, பாலம் சிதைந்து, வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் இந்திய அரசின் இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரியார். அதற்குச் சில திங்கள் முன், மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்திற்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை அஃது ஏற்கப்பட்டது. இவ்வரலாற்றைப் பொது அறிவுத் தேர்வுக்காக நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம். முதியவர் அதனைத் தம் ஊர்ச் செய்தியாகச் சொன்னார்: "மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வார்? இருந்தாலும், என் கணக்கில் எழுதுங்கள் என்று சொன்னார், பாருங்கள்."

தாம் செய்யாததைத் தம் கணக்கில் எழுதச் சொன்னார் அவர். நானும் செய்யாததையே என் கணக்கில் எழுதிக்கொண்டேன். இரண்டிற்கும் உள்ள தொலைவை எண்ணியபடியே நிலையத்தில் இறங்கினேன்.

வீட்டில் தந்தையார் அப்பொழுதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். அவர் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் கணக்கெழுதுபவர். உண்ணும்பொழுது, "உன் ஓட்டக் கணக்கு எதுவரை வந்தது?" என்று கேட்டார். "முப்பத்தொன்று" என்றேன். "யார் சரிபார்க்கிறார்கள்?" என்றார். "யாரும் இல்லை, அப்பா. நாமே எழுதுவதுதான்" என்றேன். அவர் சற்றே எண்ணிவிட்டு, தம் தொழிலைப் பற்றிக் கூறுவார்போலக் கூறினார்: "எங்கள் மேடையில் வண்டியைக் காலியாக ஒருமுறை நிறுப்போம், சரக்குடன் ஒருமுறை நிறுப்போம். வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் எடை தெரியும். கழிக்காமல் எழுதினால் சீட்டில் எண் பெரிதாகத்தான் இருக்கும்." அவர் ஒன்றும் அறியார். அறிந்து கூறியிருந்தால் எனக்கு இத்துணை உறைத்திராது.

அன்றிரவு என் கணக்கிலிருந்து மிதிவண்டியைக் கழித்தேன். அதை நீக்கியபின், குறைந்த நிமிடங்களை முப்பதாக்கிய மூன்று பதிவுகளும் என்னை நோக்கி நின்றன. அவற்றை வைத்துக்கொண்டு இதை மட்டும் நீக்குவது எங்ஙனம்? நான்கையும் நீக்கினேன். முப்பத்தொன்று இருபத்தேழாயிற்று. பின்னர்க் குழுவினர் எல்லோரும் காண எழுதினேன்: நான் இன்று ஓடவில்லை, மிதிவண்டியில் பால் வாங்கச் சென்றேன், அதனை ஓட்டமென்று பதிந்தேன், முன்னும் மூன்று முறை நேரத்தைக் கூட்டி எழுதினேன், பொறுத்தருள்க என்று. எழுதிய ஐந்து வரியை அனுப்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊழியக்காரர் முன்னிலையில் சபையார் கேட்க அறிக்கை செய்வது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதுவும், கேட்போர் முகம் தெரியாதவராயிருப்பின் எளிதாகிவிடும் என்று நினைத்திருந்தேன். எளிதாகவில்லை.

முதலில் மறுமொழி எழுதியவர் வின்னிபெக் அக்காள்தான். "நான் ஓடினது ஓடினதுதான், தம்பி. நாளைக்கு நீர் ஓடும்." அவ்வளவே எழுதியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தாமும் ஒருமுறை 28 நிமிடத்தை முப்பதாக்கியதாகச் சொல்லி, அதனை நீக்கிவிட்டார். ஏனையோர் ஒன்றும் கூறவில்லை. அவர்கள் மௌனம் மன்னிப்போ வெறுப்போ அறியேன்.

அத்தான் தொலைபேசியில் அழைத்தார். "உன்னை நம்பித்தானே உன் பெயரைக் கொடுத்தேன்?" என்றார். வேறொன்றும் சொல்லாது வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அம்மா மோரை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. "பெரம்பலூரில் என்ன வேலையோ" என்று அம்மா சொல்லும்பொழுதெல்லாம் நான் எழுந்து வேறிடம் சென்றேன். இரண்டு வாரமும் தனியே ஓடினேன். முன்பெல்லாம் முப்பதாம் நிமிடத்திற்காகக் காத்திருந்த நான், இப்பொழுது முப்பத்திரண்டாம் நிமிடம் வரை ஓடிவிட்டே கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை விடியலில், நான் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது, பின்னால் மிதிவண்டிச் சக்கரத்தின் ஒலி கேட்டது. அத்தான் இருள் பிரியுமுன் பெரம்பலூரை விட்டுப் புறப்பட்டிருக்கவேண்டும். வண்டியை ஒரு புளியமரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு என்னுடன் ஓடத் தொடங்கினார். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான் இருவரும் ஓடினோம். ஆயினும் பத்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பின்பு அவர், "குதிகாலை அழுத்தி வைக்காதே, மாப்பிள்ளை; அடியைச் சிறிதாக்கு" என்றார். முன்போலவே பேசிவிட்டார் என்பதைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்தது. பனிக்காற்றினால் என்று சொல்லிக்கொண்டேன்.

எஞ்சிய 64 நாளில் நான்கு நாள் தவறினேன். உட்தேர்வும் உறவினர் திருமணமும் காரணம். ஏழு நாள் இருமுறை ஓடினேன். ஆக, 67 ஓட்டம். முன் இருந்த 27-உடன் கூட்ட, மார்ச் 24-ஆம் நாள் மாலை என் கணக்கு 94-இல் நின்றது. குழுவின் கணக்கு 997. கடைசி இரவு அத்தான் கைப்பேசியில் அவ்வெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னுடைய அந்த நான்கும் இருந்திருந்தால்…" என்று தொடங்கி, தாமே நிறுத்திக்கொண்டார். இருந்திருந்தால் ஆயிரத்தொன்று ஆகியிருக்கும் என்பதை நானும் அறிவேன். ஆயிரம் எட்டிய குழுக்களின் பெயரை வரிசையாக வெளியிட்டார்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. என்னால் வேறு ஒன்பதின்மர் அதை இழந்தார்கள். கடுங்குளிரில் ஒருநாளும் தவறாது ஓடிய வின்னிபெக் அக்காளும் அவர்களுள் ஒருவர். நேர்மையாக நடந்தேன் என்று நான் மகிழ்வதற்கு இதில் இடமில்லை. முதலிலேயே அந்த நான்கு காலைகளிலும் இன்னும் சிறிது நேரம் ஓடியிருந்தால் ஆயிரமும் வந்திருக்கும், வாய்மையும் நின்றிருக்கும். பின்னர்ச் செய்த திருத்தம் கணக்கை நேராக்கிற்று, இழப்பை ஈடுசெய்யவில்லை.

நண்பர்களே! நம்மிடையே வருகைப் பதிவில் பிறர்க்காகக் குரல் கொடுப்பவரும், ஆய்வுக் கட்டுரையில் படியாத நூலைப் படித்ததாகக் குறிப்பவரும் இல்லாமல் இல்லை. நானும் அவ்விரண்டையும் செய்தவனே. அவை சிறு செயல்கள். யார்க்கும் தீங்கில்லை என்று எண்ணியிருந்தேன். நாம் பொய்யாக எழுதும் எண்ணை நம்பி, நாம் அறியாத ஓரிடத்தில், நாம் அறியாத ஒருவர் கதவைத் திறந்துகொண்டு குளிரில் இறங்கலாம் என்பதை இப்பனிக்காலம் எனக்குக் காட்டிற்று. அன்றிலிருந்து ஓர் எண்ணை எழுதும்பொழுதெல்லாம் எனக்கு அந்த முகம் நினைவு வருகின்றது.

பயிற்சியால் உடலுக்கு விளைந்த நன்மையையும் கூறாது விடுதல் முறையன்று. டிசம்பரில் முப்பது நிமிடம் ஓடி மூச்சிரைத்து நின்ற நான், மார்ச்சில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஓடக் கற்றேன். இவ்வாண்டு மழை பெய்து கிணறு நிரம்பினால் நீந்தவும் கற்றுத்தருவதாக அத்தான் கூறியிருக்கின்றார். வரும் டிசம்பர் 15-ஆம் நாள் நூறுநாள் ஓட்டம் மீண்டும் தொடங்கும். குழுவில் என் இடத்தை எனக்கே வைத்திருப்பதாக வின்னிபெக் அக்காள் எழுதியிருக்கின்றார். நம் கல்லூரியில் விரும்புவோர் பதின்மர் சேர்ந்தால் தனிக் குழுவே அமைக்கலாம். விடுதி மாணவர்க்கு விளையாட்டுத் திடலும், என்போல் வண்டியில் வருவோர்க்கு அவரவர் ஊர் ஏரிக்கரையும் உண்டு. சேர விழைவோர் தமிழ்த்துறை வாயிலில் என்னைக் காணலாம். காலுறையும் காலணியும் கொண்டுவருக. கணக்கெழுதும் குறிப்பேட்டை நான் கொண்டுவருகின்றேன்; அதன் முதற்பக்கத்தில் சென்ற ஆண்டின் கணக்கை, 94 என்று, மையினால் எழுதி வைத்திருக்கின்றேன்.